திரெட்னா நூலா, இழையா, மரையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெஷின் மேனுவல், பேக்கிங் லேபிள், சாஃப்ட்வேர் மெனு இதெல்லாம் தமிழ்ல மொழிபெயர்க்கற ஆள். கூட வேலை பாக்கறவங்க, புதுசா வர்றவங்க, தையல் கத்துக்கற சொந்தக்காரங்கன்னு எல்லாரும் திருப்பித் திருப்பி கேக்கற சந்தேகம் இந்த திரெட் ஒண்ணுதான். ஒவ்வொரு தடவையும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பி தொண்டை காஞ்சு போச்சு, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

திரெட்னா நூல். இதுல என்னங்க குழப்பம்?

நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆரம்பத்துல ஒரு வாஷிங் மெஷின் மேனுவல் பண்ணும்போது, தண்ணி வர்ற ஹோஸை குழாய்ல மாட்டறதுக்கு முன்னாடி திரெட் நல்லா இருக்கான்னு பாக்கணும்னு ஒரு வரி வந்துது. "குழாயின் நூல் சேதமடைந்துள்ளதா எனப் பார்க்கவும்"னு எழுதி அனுப்பிட்டேன். செக் பண்ணின அக்கா போன் பண்ணி "தம்பி, குழாய்ல எங்கப்பா நூல் இருக்கு, யாரு கட்டினா?"ன்னு கேட்டாங்க. அங்க வரவேண்டியது மரை, திருகி மாட்டறதுக்காக சுத்தி வெட்டியிருக்கற வரி.

இங்கிலீஷ்ல ஒரே சொல்லை நீட்டி நீட்டி பல இடத்துல உபயோகிக்கறாங்க, நம்ம கிட்ட அந்தந்த இடத்துக்கு தனித்தனி சொல்லு ஏற்கனவே இருக்கு. தைக்கறதுன்னா நூல், துணிக்குள்ள ஓடறதுன்னா இழை, முறுக்கினா புரி, போல்ட்ல இருந்தா மரை, பாகுல வந்தா கம்பி. அந்த திரெட் அங்க என்ன வேலை செய்யுதுன்னு பாத்தா சொல்லு தானா வந்துரும், டிக்‌ஷனரியைப் பாத்தா மாட்டிக்குவோம்.

நூல், இழை, புரி, சரடு, கயிறு எல்லாம் ஒண்ணுதானா?

இல்ல. பஞ்சை முறுக்கி இழுத்தா வர்றது நூல். நூல்ங்கறதே வினையாவும் வரும், நூற்கிறாள், நூற்றாள்னு. நூற்பாலைங்கற பேரும் அதுலேர்ந்துதான். இழைங்கறது தனியா பிரிச்சுப் பாக்கற ஒத்தை, துணியோட ஓரத்துலேர்ந்து ஒண்ணை உருவினீங்கன்னா கையில இருக்கறது இழை. அதனாலதான் கண்ணாடி இழை, ஒளியிழை, பழைய குண்டு பல்புக்குள்ள டங்ஸ்டன் இழைன்னு சொல்றோம், அதையெல்லாம் யாரும் பஞ்சுலேர்ந்து நூக்கல.

புரின்னா முறுக்கு, முறுக்கின ஒரு பிரி. மூணை சேர்த்து முறுக்கினா முப்புரி. சரடு நூலை விட தடிப்பு, எதையாவது கோக்கறதுக்கோ கட்டறதுக்கோ. அதுக்கும் மேல போனா கயிறு. ரொம்ப கறாரா எல்லை கிடையாது, ஆனா தாலிக் கயிறுன்னும் தாலிச் சரடுன்னும் சொல்லுவோமே தவிர தாலி நூல்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

அப்ப புக்கை ஏன் நூல்னு சொல்றோம்? ஓலைச்சுவடியை நூல் போட்டு கட்டினதாலயா?

இந்த சுவடி கட்டற விளக்கம் நிறைய பேர் சொல்றாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பழைய இலக்கணக்காரங்க சொன்ன காரணம் வேற. 13-ம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதின நன்னூல்லயே இதுக்கு ஒரு வெண்பா இருக்கு. சொல்லு பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கற பொம்பளை, வாய் கை, புத்தி கதிர், இப்படித்தான் நூல் உருவாகுதுன்னு. கதிர்னா ராட்டைல நூல் சுத்தற கம்பி. உதிரி உதிரியா கிடக்கற பஞ்சை ஒரு ஓட்டமா இழுக்கற மாதிரி உதிரி சொல்லை ஒரு ஓட்டமா இழுத்தா நூல். சுவடி கட்டற கயித்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

அடுத்த வெண்பா இன்னும் ஜோர். "மரத்தின் கனக்கோட்டம் தீர்க்கும் நூல்"னு வரும். தச்சர் மரத்துல நூல் அடிச்சு கோடு போட்டு அந்தக் கோணலை செதுக்கி எடுக்கற மாதிரி, மனுஷன் மனசுல இருக்கற கோணலை எடுக்கறது நூல்னு. ஒரே சொல்லை வெச்சு ராட்டையையும் தச்சுப் பட்டறையையும் அடுத்தடுத்து காமிச்சுட்டு போயிட்டார் மனுஷன். சமஸ்கிருதத்துல சூத்திரம்ங்கற சொல்லுக்கும் நூல்னுதான் அர்த்தம், இங்கிலீஷ்ல டெக்ஸ்ட்ங்கறதும் லத்தீன்ல நெய்யறதுங்கற சொல்லுலேர்ந்து வந்தது. எழுத்துன்னாலே எல்லா ஊர்க்காரங்களுக்கும் துணி ஞாபகம்தான் வந்திருக்கு போல.

நூலும் புத்தகமும் ஒண்ணுதானே, எதை வேணா போடலாமா?

பேச்சுல போடலாம். எழுதும்போது ஒரு சின்ன வித்தியாசம் வெச்சுக்கிட்டா நல்லது. நூல் எழுதினவரோட படைப்பு, புத்தகம் கையில பிடிக்கற பொருள். ஒரே நூலுக்கு ஆயிரம் புத்தகம் அச்சடிக்கலாம். நூலாசிரியர்னா எழுதினவர். "நூல் கிழிஞ்சு போச்சு"ன்னு எழுதினா அது எனக்கு ஒரு மாதிரி இருக்கும், நூல் அறும், புத்தகம்தான் கிழியும்.

ஊசில நூல் கோர்க்கறதா, கோக்கறதா? அப்புறம் எவ்ளோ முயற்சி பண்ணாலும் உள்ள போகவே மாட்டேங்குது

கோப்பது, கோத்தான்னு எழுதறதுதான் பழைய இலக்கண வழி. கோர்த்தான்னு எல்லாரும் எழுதி எழுதி அதுவும் நிலைச்சுப் போச்சு. நான் மேனுவல்ல கோக்கவும்னுதான் போடுவேன், யாராவது கோர்க்கவும்னு மாத்தினா சண்டை போடறதில்ல.

உள்ள போகலைன்னா, நுனியை பல்லால கடிச்சு பிய்க்காதீங்க, கூர்மையான கத்திரியால சாய்வா ஒரே வெட்டு. பிய்ச்ச நுனி பஞ்சு பஞ்சா விரிஞ்சு நாலு இழையா நிக்கும், அதுல ரெண்டு ஊசிக் காதுக்குள்ள போகும் ரெண்டு வெளில நிக்கும். நூலை எச்சில் படுத்தறதை விட ஊசிக் காதை லேசா ஈரமாக்கி பாருங்க. நூல் நனைஞ்சா உப்புது, காது நனைஞ்சா நூலை உள்ள இழுக்குது. கண்டுலேர்ந்து நூல் எந்த நுனி முதல்ல வந்துதோ அந்த நுனியையே கோத்தா தைக்கும்போது முடிச்சு விழறதும் கொறையும்.

மெஷின்ல தைச்சா துணிக்கு அடில நூல் கூடு கட்டிக்குது, பாபின் கெட்டுப் போச்சா?

அடில சிக்கறதால எல்லாரும் பாபினைத்தான், அதாவது அடி நூல் சுத்தியிருக்கற உருளையைத்தான் திட்டறாங்க. பெரும்பாலும் தப்பு மேல் நூல்ல. மேல் நூல் டென்ஷன் தட்டு ரெண்டுக்கும் நடுவுல உட்காரலைன்னா அதைப் பிடிச்சு இழுக்க ஆளில்லாம லூசா அடில கொட்டுது.

பிரஷர் ஃபுட்டை (துணியை அழுத்திப் பிடிக்கற கால்) இறக்கி வெச்சுட்டு நூல் மாட்டினா அந்த தட்டு ரெண்டும் மூடி இருக்கும், நூல் மேலாக்க நிக்கும். ஃபுட்டை தூக்கிட்டு மொத்தமா உருவி மறுபடி மாட்டுங்க. அப்புறம் ஃபுட்டை இறக்கி நூலை இழுத்தா கையில ஒரு பிடிப்பு தெரியணும். தெரிஞ்சா சரியாயிடுச்சுன்னு அர்த்தம். எங்க சித்தி ரெண்டு வருஷமா மெக்கானிக்கை கூப்பிட்டுக்கிட்டு இருந்த பிரச்சனை இது.

40-ம் நம்பர் நூல் 20-ம் நம்பரை விட தடிப்புதானே?

உல்டா. நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. பருத்தி நூல்ல ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் (சுத்தி வெச்ச நூல் கட்டு) எத்தனை வருதோ அதான் நம்பர். 40-ம் நம்பர்னா ஒரு பவுண்டுல 40 சிட்டம், அதாவது 33,600 கெஜம், கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். அரை கிலோ கூட இல்லாத பஞ்சுல அவ்ளோ தூரம் இழுத்தா மெலிசாத்தானே இருக்கும். 20-ம் நம்பர்ல அதே எடைக்கு பாதி தூரம்தான்.

குழப்பம் எங்க வருதுன்னா பாலியெஸ்டர், பட்டுன்னு போனா டெனியர் வரும், அது 9,000 மீட்டர் நூலோட எடை எத்தனை கிராம்னு கணக்கு. டெக்ஸ்னு ஒண்ணு இருக்கு, அது 1,000 மீட்டரோட கிராம் எடை. இந்த ரெண்டுலயும் நம்பர் ஏறினா தடிப்பு ஏறும். அதனால வெறும் நம்பரை மட்டும் மொழிபெயர்க்காதீங்க, எந்தக் கணக்குன்னும் சேர்த்து எழுதுங்க. 2/40ன்னு போட்டிருந்தா அது பின்னம் இல்ல, 40-ம் நம்பர் நூல் ரெண்டை சேர்த்து முறுக்கினது.

பெட்ஷீட்ல 1000 திரெட் கவுண்ட்னு போட்டிருக்கு, அது மேல சொன்ன நம்பரா?

அது இல்ல, இங்க எண்ணறது இழை. ஒரு சதுர அங்குல துணில நீளவாக்குல ஓடற பாவு இழையும் குறுக்க ஓடற ஊடை இழையும் எத்தனைன்னு எண்ணி கூட்டினா வர்றது. அதனால தமிழ்ல இழை எண்ணிக்கைன்னு போட்டா போதும், நூல் எண்ணிக்கைன்னு போட்டா மில்லுக்காரங்க மேல சொன்ன நம்பரை நினைச்சுப்பாங்க.

1000 எப்படி வருதுன்னா, நாலு புரி முறுக்கின இழை 250 இருக்கும், ஒவ்வொரு புரியையும் தனியா எண்ணி நாலால பெருக்கிடறாங்க. ஒரு அங்குலத்துக்குள்ள இழை உட்கார இடம்னு ஒண்ணு இருக்கு இல்ல. பஞ்சு நல்லதா இருந்தா 300 சொச்சம் இருக்கற துணியே இந்த 1000-த்தை விட மெத்துனு இருக்கும்.

நூல் வாங்கற இடத்துல எஸ் முறுக்கு, இசட் முறுக்குன்னு சொன்னாங்க, அது என்ன?

கொஞ்சம் தடிப்பான நூலை நிமிர்த்திப் பிடிச்சு கண்ணுகிட்ட கொண்டு போய் பாருங்க. புரி எல்லாம் சாய்வா ஓடும். இடது மேல ஆரம்பிச்சு வலது கீழ இறங்கினா எஸ், அந்த எழுத்தோட நடுக்கோடு அப்படித்தான் சாயுது. இடது கீழேர்ந்து வலது மேல ஏறினா இசட். அவ்ளோதான் கணக்கு.

மெஷின் நூல் பெரும்பாலும் கடைசி முறுக்கு இசட்தான். மெஷின் தைக்கும்போது நூலை ஒரு பக்கமா உருட்டி உருட்டி விடும், இசட் முறுக்கா இருந்தா அதுல இறுகும், எஸ்ஸா இருந்தா பிரிஞ்சு பிரிஞ்சு அறுந்து போகும். கையால தைக்கறவங்களுக்கு இதுல பெரிய கவலை இல்ல.

போல்ட்ல இருக்கறதை ஏன் திரெட்னு சொல்றாங்க? அங்க ஏது நூல்?

ஒரு பென்சில் எடுத்து அதுல தடிப்பான நூலை சாய்வா ஒட்டி ஒட்டி சுத்திப் பாருங்க, போல்ட் ரெடி. அதான் காரணம். இன்னொண்ணும் பண்ணிப் பாருங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது. மேல சொன்ன மெஷின் நூலையும் ஒரு சாதாரண போல்ட்டையும் பக்கத்துல பக்கத்துல நிமிர்த்தி வைங்க. ரெண்டுலயும் கோடு இடது கீழேர்ந்து வலது மேல ஒரே பக்கமாத்தான் ஏறும்.

தமிழ்ல மரைன்னு சொல்றோம், திருகுபுரின்னும் எழுதறாங்க, அந்த புரிதான் முறுக்குப் புரி. பட்டறைல "மரை தேஞ்சு போச்சு", "திரெட் போயிடுச்சு", "திரெட் அடிக்கணும்"னு கலந்துதான் பேசுவாங்க. மெக்கானிக் படிக்கற மேனுவல்னா நான் மரை, திரெட் ரெண்டையும் ஏத்துக்குவேன், நூலை மட்டும் விடமாட்டேன். அப்புறம் மண்டைல மரை கழண்டவன்னு சொல்றோமே அதுவும் இந்த மரைதான், நாலு கால் மரைமான் இல்ல.

எம்8 × 1.25னு இருக்கு, பெருக்கி 10னு எழுதலாமா?

சிரிக்காதீங்க, ஒருத்தர் நெஜமாவே பெருக்கி 10 மிமீன்னு எழுதி அனுப்பினார். எம்8னா போல்ட்டோட வெளி விட்டம் 8 மிமீ, மெட்ரிக் மரை. 1.25ங்கறது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள தூரம், ஒரு சுத்து சுத்தினா நட்டு அவ்ளோ மிமீ நகரும். அப்படியே விட்டுடுங்க, தொடாதீங்க.

விட்டம் ஒண்ணா இருந்தும் சேராம போறது இந்த தூரத்தாலதான். முன்னெல்லாம் ஒவ்வொரு பட்டறையும் அவங்கவங்க இஷ்டத்துக்கு மரை வெட்டுவாங்க, 1841-ல இங்கிலாந்துல ஜோசப் விட்வொர்த்ங்கறவர் இந்த விட்டத்துக்கு இத்தனை புரி, 55 டிகிரி கோணம்னு ஒரு பொது அளவு சொன்னார். 1864-ல அமெரிக்காவுல வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி சொன்னார், இன்னிக்கு மெட்ரிக் மரையும் அந்த 60 டிகிரிதான். கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள பழைய போல்ட்டும் புது நட்டும் ரெண்டு சுத்து போய் இறுகிக்குதுன்னா பலவந்தம் பண்ணாதீங்க, மரை வழுக்கிடும்.

வலப்பக்கம் சுத்தினா இறுகும்னுதானே சொன்னாங்க, எனக்கு கழண்டு வருதே?

இடது மரையா இருக்கும். எங்க சாதாரண மரை ஓட்டத்துலயே கழண்டுடுமோ அங்க வேணும்னே எதிர்ப்பக்கம் வெட்டுவாங்க. சைக்கிள்ல இடது பெடல் அப்படித்தான், வலது பெடல் சாதாரண மரை. நிறைய டேபிள் ஃபேன்ல இறக்கையைப் பிடிக்கற மூடியும் இடதுதான்.

எரியற கேஸ் சிலிண்டர்ல பல இடத்துல இடது மரை வைக்கறது வேற காரணத்துக்கு, ஆக்ஸிஜன் ரெகுலேட்டரை தப்பா அதுல மாட்டிடக் கூடாதுன்னு. மேனுவல்ல இடஞ்சுழி மரை, வலஞ்சுழி மரைன்னு எழுதலாம், சங்கு சொல்ற மாதிரி இருந்தாலும் படிக்கறவங்களுக்கு பளிச்னு புரியுது.

அரை இஞ்ச் குழாய் மரையை அளந்தா 21 மிமீ வருது, ஸ்கேல் தப்பா?

ஸ்கேல் சரிதான். குழாய்ல அரை இஞ்ச்ங்கறது ஆதிகாலத்துல இரும்புக் குழாயோட உள் விட்டத்தை வெச்சு வந்த பேரு, மரை வெளில இருக்கு, அது கிட்டத்தட்ட 21 மிமீ. அதனால மொழிபெயர்க்கும்போது அரை இஞ்சை 12.7 மிமீன்னு மாத்தி எழுதினீங்கன்னா வாங்கிட்டு வர்றவர் தப்பான சாமானோட வந்து நிப்பார்.

இதோட ஒட்டின கேள்வி டெஃப்லான் டேப், தண்ணி ஒழுகாம இருக்க மரை மேல சுத்தற டேப். மரையைப் பாத்த மாதிரி வெச்சுக்கிட்டு, இறுக்கற பக்கமாவே டேப்பை சுத்தணும், மாத்தி சுத்தினா மாட்டும்போது சுருண்டு வெளில வந்துரும்.

கொத்தனார் 3 நூல் கம்பி வாங்கிட்டு வாங்கன்னார், கடைல போய் நூலா கேக்கறது கம்பியா கேக்கறது?

கம்பிதான். இங்க நூல்ங்கறது அளவு. ஒரு இஞ்சை எட்டா பிரிச்சா ஒரு பங்கு ஒரு நூல், 3 மிமீ சொச்சம். 3 நூல்னா இஞ்ச்ல எட்டுல மூணு, இப்ப 10 மிமீ கம்பின்னு தர்றாங்க. 4 நூல்னா 12 மிமீ, 5 நூல்னா 16 மிமீ. தச்சரும் "ஒரு நூல் இழைச்சு விடு"ம்பார், அது இந்த அளவுதான். அந்த இழைக்கறதுக்கும் துணி இழைக்கும் முடிச்சுப் போடாதீங்க, அது இழைப்புளி வெச்சு மரத்தை சீவறது.

செவுரு கட்டும்போது ரெண்டு மூலைக்கும் இழுத்துக் கட்டறது நெஜ நூல். "நூல் பிடிச்ச மாதிரி இருக்கு"ங்கறது அதுலேர்ந்து வந்த பேச்சு, நன்னூல் தச்சரோட சொந்தக்காரர்தான் இந்தக் கொத்தனார்.

ரெசிபில திரெட் கன்சிஸ்டென்சி வர்ற வரைக்கும் பாகு காய்ச்சணும்னு இருக்கு, நூல் பதமா?

கம்பிப் பதம். பாட்டி காலத்துலேர்ந்து இருக்கற சொல்லு, புதுசா எதுவும் பண்ண வேணாம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒரு சொட்டு வெச்சு பிரிச்சா ஒரு கம்பி நின்னா ஒரு கம்பிப் பதம். சூடு கொஞ்சம் ஆறினப்புறம் தொடுங்க.

கம்ப்யூட்டர்ல 8 கோர் 16 திரெட்னு போடறாங்களே, அது எந்த திரெட்? அதையும் இழைன்னு எழுதலாமா?

இழைன்னு எழுதலாம், புரின்னும் சிலர் எழுதறாங்க, நான் இழை பக்கம். ஒரு வேலையை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வரிசையா ஓட்டிக்கிட்டு போற ஒரு ஓட்டம், அதான் அங்க திரெட். ஒரு புரோகிராமுக்குள்ள பல ஓட்டம் ஒரே நேரத்துல ஓடும், ஆனா எல்லாத்துக்கும் மெமரி பொது.

பொதுங்கறதாலதான் தலைவலி. ஒரு கணக்கு நோட்டுல 10னு இருக்கு. ரெண்டு பேர் ஒரே நேரத்துல வந்து பாக்கறாங்க, ரெண்டு பேரும் 10னு படிக்கறாங்க, ரெண்டு பேரும் மனசுல ஒண்ணைக் கூட்டி 11னு எழுதிட்டு போயிடறாங்க. 12 இருக்க வேண்டிய இடத்துல 11. யாரும் தப்பே பண்ணல, ஆனா ஒண்ணு காணோம். அதனாலதான் ஒருத்தர் எழுதி முடிக்கற வரைக்கும் நோட்டுக்கு பூட்டு போடறாங்க.

8 கோர் 16 திரெட்ங்கறது, ஒவ்வொரு கோரும் (பிராசசருக்குள்ள வேலை செய்யற ஒரு பகுதி) ரெண்டு ஓட்டத்தை ஒரே நேரத்துல கவனிக்கும்னு அர்த்தம், இன்டெல் 2002-ல ஹைப்பர் திரெடிங்னு கொண்டு வந்தது. ஒரு ஓட்டம் மெமரிலேர்ந்து தகவலுக்கு காத்திருக்கற நேரத்துல இன்னொண்ணு ஓடும். வேகம் ரெண்டு மடங்கு ஆகிடாது, கை ரெண்டுதான் இருக்கு.

அப்ப ஸ்ட்ரிங்? அதுவும் நூல்தானே, ரெண்டும் ஒரே பக்கத்துல வந்தா என்ன பண்றது?

புரோகிராம்ல எழுத்துத் தொடரைக் குறிக்கற ஸ்ட்ரிங்குக்கு சரம். பூச்சரம் மாதிரி எழுத்து எழுத்தா கோத்தது. இழை ஓடும், சரம் சும்மா இருக்கும், இதை மனசுல வெச்சுக்கிட்டா மாறாது.

நூல் விடறான், சரடு விடறான், கயிறு திரிக்கறான் எல்லாம் ஒரே அர்த்தமா?

மாத்திப் போட்டீங்கன்னா வம்பு. நூல் விடறதுன்னா நேரா கேக்காம ஆழம் பாக்கறது, ஒரு பொண்ணுகிட்டயோ மேனேஜர்கிட்டயோ லேசா பேச்சு கொடுத்து மனசு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்கறது. சரடு விடறதுன்னா இல்லாததை அளந்து விடறது. கயிறு திரிக்கறதும் பொய்தான், ஆனா இன்னும் உக்காந்து மெனக்கெட்டு உருவாக்கின பொய். தடிப்பு ஏற ஏற பொய்யும் ஏறுதுன்னு நானா ஒரு கணக்கு வெச்சிருக்கேன், எந்த இலக்கணத்துலயும் தேடாதீங்க.

கதைல, பேச்சுல வர்ற திரெட்டை எப்படி எழுதறது? "நான் நூலை இழந்துவிட்டேன்"னு ஒருத்தர் எழுதியிருக்கார்

ஐயோ. பேசிக்கிட்டே இருக்கும்போது தொடர்ச்சி விட்டுப் போனா நாம "எங்க விட்டேன்?"னுதான் கேப்போம், இல்லன்னா பேச்சு வாக்குல மறந்துட்டேம்போம். நூலை இழக்கறவர் தையல்காரர் மட்டும்தான். மெசேஜ்ல ஒரு பதிலுக்குக் கீழ ஒரு பதில்னு தொங்கறதை உரையாடல் இழைன்னோ தொடர்னோ எழுதலாம்.

கதை முழுக்க அடிநாதமா ஓடற விஷயத்துக்கு இழையோடுதுன்னு ஒரு அருமையான சொல்லு இருக்கு, "கதை முழுக்க ஒரு சோகம் இழையோடுது". முழு சம்பவத் தொடருக்கு கதைச்சரடு. அங்க மட்டும் சரடுக்கு கெட்ட பேரு இல்ல. மயிரிழைல தப்பிச்சான், நூலிழைல தோத்தான், இதெல்லாம் இங்கிலீஷ்ல திரெட்டே வராத இடம், ஆனா நம்மகிட்ட வருது, அதையும் மறந்துடாதீங்க.

நூல்களா நூற்களா? சொற்கள்னு எழுதறோமே, அதே மாதிரி நூற்கள்தானே சரி?

நூல்கள். சொல், கல், பல் இதெல்லாம் ஒத்தைக் குறில் எழுத்துக்கு அப்புறம் ல் வருது, அதனால கள் சேரும்போது ற் ஆகுது, சொற்கள், கற்கள், பற்கள். நூல், கால், வால் இதுல நெடில். கால்களைக் காற்கள்னு யாரும் சொல்றதில்ல இல்ல, அதே கணக்கு.

ஆனா இது கள் சேர்க்கும்போது மட்டும். இன்னொரு சொல்லோட சேர்ந்தா நூலும் மாறும், நூற்கண்டு, நூற்பா. மெல்லினம் வந்தா ன் ஆயிடும், நூல் முன்னாடி எழுதற முன்னுரைக்கு பழைய பேரு நூன்முகம். நூற்றாண்டுல வர்ற நூற்று மட்டும் நம்ம ஆள் இல்ல, அது நூறு.

ஒரே வரில ரெண்டு மூணு திரெட் வந்தா?

வரும். போன மாசம் ஒரு தையல் மெஷின் மேனுவல்ல வந்துது, ஊசியைப் பிடிக்கற ஸ்க்ரூவோட திரெட் தெரியாத அளவுக்கு இறுக்கிட்டு அப்புறம் ஊசியை திரெட் பண்ணு, துணியோட திரெட் இழுபடுதான்னு பாருன்னு. நான் எழுதினது இது: "திருகாணியை மரை வெளியே தெரியாதபடி இறுக்கவும். பிறகு ஊசியில் நூலைக் கோக்கவும். துணியின் இழை இழுபடுகிறதா எனப் பார்க்கவும்." அதே அக்காதான் செக் பண்ணினாங்க, இந்த தடவை போன் வரல.